பார்வையின்மையை ஆராய்வதையே தொழிலாகக் கொள்ள முடியுமா? எழுத்தும் ஒலியும் குறித்து ஒரு கேள்வி

திருநகர் மெய்ப்பர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலையும் நூலைச் செம்மையாக்கும் வேலையும் செய்துவருகிறேன். எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்னும் விழித்திரை நோய் இருப்பது கல்லூரி நாட்களிலேயே உறுதியாயிற்று. அதற்கு முன்பு வீட்டில் மாலைக்கண் என்றே நினைத்து முருங்கைக்கீரையும் ஆட்டு ஈரலும் சமைத்துப் போட்டார்கள். இந்நோயில் மங்கிய ஒளியில் பார்க்க உதவும் செல்கள் முதலில் அழிவதால் இருட்டில் தடுமாற்றம் தொடங்கும். பிறகு பார்வைப் புலம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். நடுப்பார்வை பெரும்பாலும் கடைசிவரை ஓரளவு நிற்கும். அந்த நடுப்பார்வையைக் கொண்டுதான் இப்போது மெய்ப்புப் பார்க்கிறேன். எழுத்து தெரிகிறது, பக்கம் தெரிவதில்லை.

மேற்கு நாடுகளில் பார்வை குறைந்துவரும் எழுத்தாளர்கள் சிலர் பார்வையின்மையையே தம் ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டு, நூல், இதழ்க் கட்டுரை, வானொலி ஆவணம், பாட்காஸ்ட் என்று பல வடிவங்களில் உழைத்து, அதையே வாழ்க்கைத் தொழிலாக அமைத்துக்கொண்டிருக்கிறார்கள். தமிழில், மதுரையில் இருந்துகொண்டு அப்படி வாழ முடியுமா என்பதுதான் என் கேள்வி. என் பார்வை மங்கிவருவதை மாதந்தோறும் பதிவுசெய்து ஒலித்தொடராக வெளியிடலாம் என்றும், அதே குறிப்புகளைப் பின்னர் நூலாக்கலாம் என்றும் எண்ணியிருக்கிறேன். எழுதத் தெரியும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஒலித் தயாரிப்பு புதிது. திரையைப் பார்க்காமல் ஒலியைத் தொகுப்பது நடைமுறையில் எப்படி என்று அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். திட்டமே தவறாக இருந்தால் அதையும் தயங்காமல் சொல்லுங்கள்.

மேலூர்த் தமிழாசிரியை எழுதியது:

தம்பி, வணக்கம். நான் பிறவியிலேயே பார்வையற்றவள். மேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். நீங்கள் கேட்டதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

உங்கள் தொடரின் ஒவ்வொரு பகுதியிலும் பார்வை கொஞ்சம் குறையும். கேட்பவர் மனத்தில் பார்வையின்மை என்றால் இழப்பு என்பதே திரும்பத் திரும்பப் பதியும். எனக்கு அப்படி ஓர் இழப்பு நேரவில்லை. இருட்டு எப்படி இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது, ஏனென்றால் இருட்டைப் பார்ப்பதற்கும் கண் வேண்டும். பாதி வாழ்க்கையைப் பார்வையோடு கழித்தவர்களுக்குப் படிப்பும் அறிமுகங்களும் முன்பே வாய்த்திருப்பதால், எங்களைப் பற்றிப் பேசும் இடமும் அவர்களுக்கே எளிதில் அமைந்துவிடுகிறது. அவர்களுடைய துயரம் உண்மையானது. ஆனால் அதுவே எங்கள் எல்லோருடைய கதையாகவும் ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிறது. என் மாணவர்களின் பெற்றோர் என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

தொழில் என்ற நோக்கில் பார்த்தாலும் இந்தத் திட்டம் நீண்ட நாள் தாங்காது. பார்வை முழுவதும் போன பிறகு தொடரில் சொல்வதற்கு என்ன மிஞ்சும்? உங்கள் கண்ணைப் பற்றிய கதை ஒரு நூலோடு முடிந்துவிடும். பார்வையில்லாத மனிதர்கள் இந்த ஊரில் எப்படிப் பணத்தை எண்ணுகிறார்கள், எப்படித் தேர்வு எழுதுகிறார்கள், எப்படிப் பேருந்தைக் கண்டுபிடிக்கிறார்கள், யாரைக் காதலிக்கிறார்கள், எந்த வேலையிலிருந்து எப்படி விலக்கப்படுகிறார்கள் என்று விசாரிக்கத் தொடங்கினால் வாழ்நாள் முழுவதற்கும் வேலை இருக்கிறது.

ரூபாய்த் தாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2016 முதல் வந்த வரிசையில் 100 ரூபாய்த் தாளின் நீளம் 142 மில்லிமீட்டர், 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. மூன்றுக்கும் அகலம் ஒன்றே, 66 மில்லிமீட்டர். நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டை ஓடும் பேருந்தில், நடத்துநர் காத்திருக்கும்போது, கசங்கிய தாளில், விரலால் கண்டறிய வேண்டும். ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் மணி என்ற செயலியை வெளியிட்டது. கைப்பேசியின் கேமரா முன் தாளைப் பிடித்தால் மதிப்பைச் சொல்லும். ஆனால் மாட்டுத்தாவணி பேருந்து நிலைய நெரிசலில் கைப்பேசியை ஒரு கையிலும் 500 ரூபாயை மறு கையிலும் வெளிப்படையாகப் பிடித்துக்கொண்டு நிற்பது எத்தகையது என்று எண்ணிப்பாருங்கள். இதை ஒருவரும் தமிழில் முழுமையாக விசாரித்து ஒலியில் தந்து நான் கேட்டதில்லை. தாளை மடித்துப் பிரிக்கும் ஓசை, நடத்துநரின் குரல், சில்லறை விழும் ஓசை எல்லாமே ஒலிக்கென்று அமைந்தவை.

ஒலிக்கூடம் எழுதியது:

வானொலியில் நிகழ்ச்சித் தயாரிப்பில் பல ஆண்டுகள் இருந்தவன் நான். ஆசிரியை அம்மா எழுதியதை முழுமனத்தோடு ஏற்கிறேன். பொருளைப் பற்றி அவர் சொல்லிவிட்டார், நான் ஒலியைப் பற்றிச் சொல்கிறேன்.

தமிழில் வெளியாகும் ஒலி ஆவணங்களில் பெரும்பாலானவை காட்சியை விட்டுவிட்ட தொலைக்காட்சி நிகழ்ச்சிகளாகவே இருக்கின்றன. "இதோ நாம் இப்போது பார்ப்பது" என்று தொகுப்பாளர் பேசிக்கொண்டே இருக்கிறார், இடத்தின் ஓசை அடியில் எங்கோ மெல்ல ஒலிக்கிறது. பார்வையின்மையை ஆராய்பவர் இதைத் தலைகீழாக்க வேண்டும். இடத்தை ஓசையே சொல்ல வேண்டும். தொகுப்பாளர் ஓசையால் சொல்ல முடியாததை மட்டும் சொல்ல வேண்டும். மாட்டுத்தாவணிக்குள் நுழையும்போது நடத்துநர்கள் "மேலூர், திருப்பத்தூர், காரைக்குடி" என்று அடுக்கிக் கூவுவது பார்வையற்ற பயணிக்கு முழுமையான வழிகாட்டி. அந்தக் குரல் எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் கேட்பவர் உணர வேண்டுமானால், ஸ்டீரியோவில், ஒரே இடத்தில் அசையாமல் நின்று, சில நிமிடங்கள் வாய் திறக்காமல் பதிவு செய்ய வேண்டும். புதிதாக வருபவர்கள் அந்தச் சில நிமிடங்களைத் தாங்க மாட்டார்கள், பேசத் தொடங்கிவிடுவார்கள்.

எங்கே போனாலும் அந்த இடத்தின் அமைதியை மட்டும் தனியே ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். பேட்டியின் நடுவே ஒரு வாக்கியத்தை வெட்டினால் அந்த இடத்தை நிரப்ப அது வேண்டும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பதிவு செய்யலாம் என்று எண்ணினால், 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீ விபத்து நேர்ந்த பிறகு உயர் நீதிமன்ற ஆணைப்படி கைப்பேசியே உள்ளே கொண்டுபோக முடியாது. கோயிலுக்கு வெளியே சுற்றிவரும் சித்திரை வீதியும் மதிலுக்குள் இருக்கும் ஆடி வீதியும் வேறு வேறு ஒலி உடையவை. சித்திரை வீதியில் நின்று பதிவதற்கு எந்தத் தடையும் எனக்குத் தெரிந்து இல்லை.

தொகுப்புக்கு ரீப்பர் என்னும் மென்பொருளைப் பாருங்கள். அதனோடு ஒசாரா என்ற இணைப்பைச் சேர்த்தால் தடம், நேரம், ஒலியளவு எல்லாவற்றையும், திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருளான என்.வி.டி.ஏ. திரைவாசிப்பான் வாயால் சொல்லும். என்.வி.டி.ஏ. 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது, இலவசம். அதை உருவாக்கிய இருவரும் பார்வையற்றவர்கள், அவர்களில் ஒருவர்தான் ஒசாராவையும் எழுதினார். திரையில் வரையப்படும் ஒலியின் அலைவடிவத்தைப் பார்க்காமல் எப்படி வெட்டுவது என்று பயப்பட வேண்டாம். நான் பணியில் சேர்ந்த காலத்தில் ஒலிநாடாவைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, சொல்லின் விளிம்பைக் காதால் கண்டுபிடித்து, பிளேடால் வெட்டி ஒட்டினோம். அப்போது எங்கள் எவர் முன்னும் அலைவடிவம் இல்லை.

திருநகர் மெய்ப்பர் எழுதியது:

ஆசிரியை அக்காவுக்கும் ஒலிக்கூடம் ஐயாவுக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா எழுதியதைப் படித்த பின் பழைய திட்டத்தைத் தொடர மனம் வரவில்லை. ஆயினும் இரண்டு ஐயங்களை முன்வைக்கிறேன்.

பதிப்பகத்தில் இருப்பதால் சொல்கிறேன். பதிப்பாளர்களும் இதழாசிரியர்களும் என்னிடம் கேட்கப்போவது என் சொந்தக் கதையைத்தான். தன் வாழ்க்கையைச் சொல்பவருக்குக் கிடைக்கும் இடம் பிறர் வாழ்க்கையை விசாரிப்பவருக்குக் கிடைப்பதில்லை. சொந்தக் கதையை அறவே விட்டுவிட்டு நான் எப்படி உள்ளே நுழைவது? அடுத்தது, ஒலிப்பதிவின்போது எழுதிவைத்த உரையை எப்படி வாசிப்பது என்பது. நடுப்பார்வையும் போய்விட்டால் காகிதமும் திரையும் உதவா. மனப்பாடம் செய்து பேசினால் ஒப்பிப்பதாகத் தோன்றும்.

மேலூர்த் தமிழாசிரியை எழுதியது:

சொந்தக் கதையை விடச் சொல்லவில்லை தம்பி. அது வாசலாக இருக்கட்டும், வீடு முழுவதும் அதுவாக இருக்க வேண்டாம் என்கிறேன். உங்களுக்கு இன்னும் கொஞ்சம் பார்வை இருப்பதே ஒரு நல்ல இடம். வெள்ளைக் கோலை விரித்து நடந்தால் "பார்க்கத் தெரிகிறவன் நடிக்கிறான்" என்பார்கள், விரிக்காமல் நடந்தால் தள்ளுவண்டியில் மோதியதற்குத் திட்டுவார்கள். முழுப் பார்வையும் இல்லாமல், முழுப் பார்வையின்மையும் இல்லாமல் இருக்கும் இந்த நிலையை நான் அறியமாட்டேன், நீங்கள்தான் சொல்ல வேண்டும். பார்வையற்றோர் என்று சான்றிதழ் பெற்றவர்களில் பலருக்கு ஒளியோ உருவமோ ஓரளவு தெரியும் என்பதே ஊராருக்குத் தெரியாது.

வாசிப்பதைப் பற்றி: நான் பள்ளி விழாக்களில் பிரெய்லித் தாளை விரலால் தொட்டுக்கொண்டே பேசுவேன். கேட்பவர்களுக்கு நான் வாசிப்பதே தெரியாது. பாரதி பிரெய்லி 1951இல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக ஏற்கப்பட்டது. அதில் தமிழ் எழுத்தை ஒலிக்கும் வரிசையிலேயே எழுதுகிறோம். கொம்பு முன்னே வராது, மெய் முதலிலும் உயிர் பின்னுமாக வரும். தமிழ் இலக்கணம் அறிந்த உங்களுக்கு இது விரைவில் பிடிபடும். நடுப்பார்வை இருக்கும்போதே விரலைப் பழக்குங்கள். வயது ஏற ஏற விரல் நுனி வேகம் பெறுவதற்கு நாள் பிடிக்கிறது என்பதை, பின்னாளில் கற்றவர்களிடம் கண்டிருக்கிறேன்.

ஒலிக்கூடம் எழுதியது:

பிரெய்லி வாசிப்புக்கு ஓர் எச்சரிக்கை. தாளின்மேல் விரல் உரசும் ஓசையை நல்ல மைக் பிடித்துவிடும். தாளுக்கு அடியில் தடித்த துணியை விரித்து, மைக்கை வாய்க்குச் சற்றுப் பக்கவாட்டில் உயர்த்தி வைத்தால் பெருமளவு குறையும்.

பிரெய்லி கைவரும்வரை இன்னொரு வழி உண்டு. ஒரு காதில் மட்டும் கேட்பொறியை அணிந்து, திரைவாசிப்பான் உரையைச் சொற்றொடர் சொற்றொடராகச் சொல்ல, அரை நொடி பிந்தி அதையே உங்கள் குரலில் உங்கள் பொருளுணர்வோடு சொல்வது. இயந்திரத்தின் தட்டையான இராகம் உங்கள் பேச்சில் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம். அதற்கு உரையையே மாற்றி எழுத வேண்டும். அச்சில் நன்றாக இருக்கும் மூன்று வரி வாக்கியம் காதுவழி வரும்போது வினைமுற்று வருவதற்குள் எழுவாய் மறந்துவிடும். வினையெச்சங்களை அடுக்குவது தமிழ் உரைநடையின் அழகு என்றாலும், ஒலிக்கு எழுதும்போது ஒரு மூச்சில் சொல்லக்கூடிய அளவே வாக்கியத்தின் அளவு. தொகுக்கும்போதும் ஒரு காதில் திரைவாசிப்பானையும் மறு காதில் பதிவையும் பிரித்துக் கேட்கப் பழகுங்கள். முதலில் தலை சுற்றும், பிறகு பழகிவிடும்.

யுனிகோடு மாணவி எழுதியது:

முதுகலைத் தமிழ் பயிலும் குறைபார்வை மாணவி நான். மெய்ப்பர் அண்ணனிடம் ஒரு செல்வம் இருக்கிறது. அதை அவரே இன்னும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். அவர் பதிப்பகத்துக்குள் இருக்கிறார்.

தமிழில் பார்வையற்ற வாசகர்களுக்கு இருக்கும் பெரிய தடை, நூல் இல்லை என்பது அன்று. நூலின் கணினிக் கோப்பு இருந்தும் அதை இயந்திரத்தால் வாசிக்க முடியவில்லை என்பதுதான். பல ஆண்டுகளாகப் பதிப்பகங்கள் எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோடு குறியீட்டில் அல்லாத பழைய எழுத்துருக்களில் பக்கம் வடிவமைத்துவந்தன. பாமினி எழுத்துருவில் அடித்த "அம்மா" என்ற சொல் திரையில் அம்மா என்றே தெரியும். திரைவாசிப்பானோ அதை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். முழு நூலையும் அப்படிக் கேட்டுப்பாருங்கள். அச்சுப் பக்கத்தைப் படமெடுத்து, படத்திலுள்ள எழுத்தை உரையாக்கும் எழுத்துணரியில் இட்டால் பெரும்பகுதி கிடைக்கிறது, ஆனால் ரகரமும் துணைக்காலும் மாறிப்போகும். உரைநடையில் சமாளிக்கலாம், செய்யுளில் முடியாது. மதுரையின் பெயரைத் தாங்கி 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்த பழந்தமிழ் நூல்கள் இல்லாவிட்டால் நான் முதுகலையில் சேர்ந்திருக்கவே முடியாது. சங்கப் பாடலை என் கைப்பேசி வாசிக்கிறது. சென்ற ஆண்டு வெளிவந்த சிறுகதைத் தொகுப்பை வாசிப்பதில்லை.

சட்டம் தடையாக இல்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட திருத்தம், மாற்றுத்திறனாளிகளின் பயன்பாட்டுக்காக நூலை அணுகத்தக்க வடிவில் இலாப நோக்கின்றி மாற்றிக்கொள்ள இடம் தருகிறது. பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும், 2013இல் உருவான மராக்கேஷ் உடன்படிக்கையை 2014 ஜூனில் முதலாவதாக ஏற்றுறுதி செய்த நாடு இந்தியா. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற, பார்வையற்றோருக்கான இணைய நூலகமும் தொடங்கப்பட்டது. இத்தனையும் இருந்தும் பதிப்பாளரிடம் மூலக்கோப்பைக் கேட்டால் "திருட்டுப் பிரதி வந்துவிடும்" என்ற பதில்தான் கிடைக்கிறது. அவர்களோடு அவர்கள் மொழியில் பேசக்கூடியவர் அண்ணன். இதுவே ஒரு தொடருக்கு உரிய பொருள். ஒரு நூல் எழுத்தாளர் கையிலிருந்து கிளம்பி, பக்க வடிவமைப்பாளர், அச்சகம் என்று பயணம் செய்யும்போது எந்த இடத்தில் பார்வையற்ற வாசகருக்குக் கதவு மூடப்படுகிறது என்பதை உள்ளிருந்து ஒலியில் காட்டலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மரபில் இது புதிதன்று. 17ஆம் நூற்றாண்டில் அந்தகக்கவி வீரராகவ முதலியார் இருந்தார். பழனியில் பிறந்து, சிறுவயதில் அம்மையால் பார்வை இழந்த மாம்பழக்கவிச்சிங்க நாவலர் 19ஆம் நூற்றாண்டில் இராமநாதபுரம் சேதுபதியின் அவையில் புகழ்பெற்றார். இவர்களைப் பற்றிப் பேசுபவர்கள் நினைவாற்றலை வியந்து முடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஏடு வாசித்தவர் யார், அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியவர் யார், எழுதியதைச் சரிபார்த்தது எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை. தேர்வறையில், சொல்வதை எழுதித்தரும் ஸ்க்ரைப் கையில் மதிப்பெண்ணை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்தக் கேள்விதான் முதலில் எழுகிறது.

செல்லூர்க்காரர் எழுதியது:

எல்லோரும் கலையைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் சோற்றைப் பற்றிப் பேசுகிறேன். என் மூத்த சகோதரருக்கும் பார்வை இல்லை. குடும்பத்தை நடத்துவது எப்படி என்று அருகிலிருந்து பார்த்தவன்.

தம்பி, வேலையை இப்போது விட வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பணியில் இருக்கும்போது உடற்குறை ஏற்பட்டவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்குப் பொருந்துவது, தனியார் பதிப்பகத்தில் இருக்கும் உங்களுக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே பார்வை இருக்கும்போதே உங்கள் வேலையைத் திரைவாசிப்பானோடு செய்யும் வேலையாக மாற்றிக்கொள்ளுங்கள். மெய்ப்பைக் காதால் பார்க்க முடியும். இயந்திரம் பிழையை அப்படியே வாசிப்பதால், கண் தாவிச்செல்லும் விடுபட்ட எழுத்தைக் காது பிடித்துவிடும். ணகர னகர வேறுபாட்டில்தான் ஏமாறும், அங்கே எழுத்தெழுத்தாகக் கேட்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. அட்டையை இன்னும் எடுக்கவில்லை என்றால் உடனே விண்ணப்பியுங்கள். 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உறுதியானால்தான் இடஒதுக்கீடும் சலுகைகளும் கிடைக்கும்.

பாட்காஸ்ட்டால் மட்டும் தமிழில் ஒருவர் குடும்பம் நடத்த முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் எழுத்தும் ஒலியும் சேர்ந்து தெரிந்தவருக்குப் பக்கத்து வேலைகள் உண்டு. ஒலிநூல் வாசிப்பு, ஒலிநூல் தொகுப்பு, இணையதளங்கள் திரைவாசிப்பானுக்கு ஒத்துவருகின்றனவா என்று சோதித்துச் சொல்வது ஆகியவை அவற்றில் சில. 2024இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குப் படங்களில் பார்வையற்றோருக்கான ஒலி விவரணையும் செவித்திறன் குறைந்தோருக்கான வசனவரியும் இடம்பெறுவது பற்றி நெறிமுறை வெளியிட்டது. தமிழில் அந்த விவரணையை எழுத ஆள் வேண்டும். வசனங்களுக்கு இடையில் கிடைக்கும் சில நொடிகளுக்குள் காட்சியைச் சொல்லிமுடிக்கும் சுருக்கம் வேண்டும். கண் தெரிந்தவர் எழுதி, பார்வையற்றவர் கேட்டுத் திருத்தினால்தான் அது உருப்படும். இந்தப் பக்கத்து வேலைகளில் சம்பாதித்து, உங்கள் தொடரில் விசாரியுங்கள்.

பார்வை மறுவாழ்வு எழுதியது:

கண் மருத்துவத் துறையில் மறுவாழ்வுப் பயிற்சி அளிப்பவன் நான். இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுகிறேன்.

மதுரையில் பார்வை குறைந்த ஒருவர் சந்திக்கும் முதல் கேள்வி "அரவிந்தில் காட்டினீர்களா?" என்பதுதான். டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை, கண்புரை அறுவையை எளியவர்களுக்கும் எட்டச்செய்து உலகப் புகழ் பெற்றது. அந்தப் புகழ் ஊராரின் மனத்தில் ஆழமாக இறங்கியதால், பார்வையின்மை என்றாலே அறுவையில் தீர்ந்துவிடும் ஒன்று என்று நம்புகிறார்கள். அதே மருத்துவமனையில் மீளாப் பார்வைக் குறைவுக்கான மறுவாழ்வுப் பிரிவும் இருக்கிறது என்பது பலர் கவனத்துக்கு வருவதில்லை. மெய்ப்பருக்கு இருக்கும் நோய் உலக அளவில் ஏறத்தாழ 4000 பேரில் ஒருவருக்கு வருவது. இதில் தொடர்புடைய மரபணுக்கள் மிகப் பல. அவற்றுள் ஒன்றான ஆர்.பி.இ.65இல் குறை உள்ளவர்களுக்கு மட்டும் உரிய மரபணு மருந்து 2017 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மற்றவர்களுக்கு அது பயன்படாது. இந்த இடைவெளியில்தான் எண்ணெய், லேகியம், ஊசி என்று ஏமாற்று வணிகம் நுழைகிறது. சிகிச்சையால் நிரம்பிய ஊரில் சிகிச்சை இல்லாத கண்ணோடு வாழ்வது என்பது மதுரைக்கே உரிய பொருள். வேறு ஊர்க்காரர் இதை எழுத முடியாது.

நம் பக்கத்தில் அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணப்பது வழக்கம். இருவழியிலும் ஒரே குறை மரபணு வந்துசேரும் வாய்ப்பு அதனால் கூடுகிறது. இதைப் பற்றி அவசியம் பேச வேண்டும், ஆனால் யார் வீட்டுப் பெண்ணின் திருமணப் பேச்சும் அதனால் முறியாதபடி பேச வேண்டும். ஒலியில் குரலே அடையாளம். பெயரை மறைத்தாலும் ஊருக்குள் குரலைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

சுந்தரராசன்பட்டியில் உள்ள இந்தியப் பார்வையற்றோர் சங்கத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். தாமும் பார்வையற்றவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கியது அது. அங்கே படித்து இன்று பல துறைகளில் இருப்பவர்களின் அனுபவமே உங்களுக்குப் பெரிய நூலகமாக அமையும்.

ஒலிக்கூடம் எழுதியது:

இடத்தை ஓசையே சொல்ல வேண்டும் என்று முன்பு எழுதினேன், அதைச் சற்றுத் திருத்திக்கொள்கிறேன். பார்வையுள்ள நேயர்களும் கேட்பதால் அவர்களுக்கு ஒரு கைப்பிடி தேவை. எதுவும் சொல்லாமல் பேருந்து நிலைய ஓசையை மட்டும் ஒலிக்கவிட்டால் அவர்கள் கேட்பதை நிறுத்திவிடுவார்கள். தொடக்கத்தில் மட்டுமாவது மெல்லிய இசை, ஓர் அறிமுகம் இருப்பதில் தவறில்லை.

மேலூர்த் தமிழாசிரியை எழுதியது:

ஐயா, அறிமுகம் இருக்கட்டும். இசைதான் எனக்கு ஒவ்வாதது. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் எங்களில் ஒருவர் பேசத் தொடங்கியதும் அடியில் ஒரு புல்லாங்குழல் அழுகிறது. அவர் தம் வங்கிக் கணக்கைப் பற்றிப் பேசினாலும் அழுகிறது. அந்த ஓசை கேட்பவருக்கு என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே ஆணையிட்டுவிடுகிறது. என்னைப் பேட்டி எடுப்பவர் என் குரலுக்கு அடியில் எதையும் போடக்கூடாது. வகுப்பறை மின்விசிறியின் ஓசை மட்டும் இருந்தால் போதும்.

ஒலிக்கூடம் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. பேச்சுக்கு அடியில் இசை வேண்டாம். பகுதிக்கும் பகுதிக்கும் இடையில் மட்டும் வைத்துக்கொள்ளட்டும். மெய்ப்பருக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: முடித்த கோப்பின் சராசரி உரப்பை எல்.யு.எஃப்.எஸ். அளவில் மைனஸ் 16க்கு அருகில் வையுங்கள். பேருந்தில் கைப்பேசி ஒலிபெருக்கியில் கேட்பவருக்கும் குரல் தெளிவாக இருக்கும்.

திருநகர் மெய்ப்பர் எழுதியது:

இந்த இழையில் கிடைத்தவற்றை ஒருங்கிணைத்துத் திட்டத்தை மாற்றியிருக்கிறேன். பணியில் தொடர்வேன், மெய்ப்பைக் காதால் பார்க்கும் பயிற்சியை இப்போதே தொடங்குகிறேன். முதல் தொடர் யுனிகோடு மாணவி சொன்ன பொருள்: தமிழ் நூல் ஒன்று பார்வையற்ற வாசகரைச் சென்றடையும் வழியும், அது அடைபடும் இடங்களும். என் கண்ணைப் பற்றி முதல் பகுதியில் இரண்டு நிமிடம் பேசுவேன், பிறகு தேவைப்பட்டால் மட்டும். அடுத்தது ரூபாய்த் தாள். அதற்குப் பின் தேர்வறை. ஒவ்வொன்றையும் ஒலிக்கு ஒரு முறையும் அச்சுக்கு ஒரு முறையும் தனித்தனியே எழுதுவேன், ஒன்றை மற்றொன்றின் நகலாக்க மாட்டேன்.

அக்கா, தேர்வறைப் பகுதிக்கு உங்களைப் பேட்டி காண இசைவு தருவீர்களா? ஸ்க்ரைபை வைத்து எழுதியவராகவும், இன்று உங்கள் மாணவர்களுக்கு ஸ்க்ரைப் தேடி அலைபவராகவும் இருபுறமும் அறிந்தவர் நீங்கள்.

மேலூர்த் தமிழாசிரியை எழுதியது:

வருகிறேன் தம்பி. சில நிபந்தனைகள் உண்டு. என் மாணவர்களின் பெயரோ குரலோ அவர்களின் பெற்றோருக்குத் தெரியாமல் இடம்பெறக் கூடாது. இசைவுப் படிவத்தை என் முன் நீட்டிக் கையெழுத்து கேட்க வேண்டாம். அதை உரக்க வாசித்து, என் பதிலையும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள், அதுவே எனக்குக் கையெழுத்து. வெட்டித் தொகுத்த பிறகு வெளியிடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். கருத்தை மாற்றச் சொல்ல மாட்டேன், ஆனால் நான் சொன்னதன் நடுவே வெட்டியதால் பொருள் மாறியிருந்தால் சொல்வேன்.

2018இல் வந்த மத்திய அரசு நெறிமுறை, ஸ்க்ரைப் வைத்து எழுதுபவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத கூடுதல் நேரம் தர வேண்டும் என்றது. அந்த நேரம் நடைமுறையில் எப்படிக் கரைகிறது என்பதைப் பேட்டியில் விரிவாகச் சொல்கிறேன். கேள்வித்தாளை வாசித்துக்காட்டுவதற்கே எவ்வளவு போகிறது, ஸ்க்ரைபுக்குப் பாடம் தெரியாதபோது "யாப்பருங்கலக்காரிகை" என்ற ஒரு சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்வதற்கு எவ்வளவு போகிறது என்பதை நீங்கள் நிறுத்துக்கடிகாரத்தோடு அளந்தே பதிவு செய்யலாம். மாதிரித் தேர்வு ஒன்றை மாணவி தங்கை எழுத, நான் பக்கத்தில் இருக்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு சனிக்கிழமையாகப் பாருங்கள், அதன் பிறகு எனக்கு விடைத்தாள் வேலை வந்துவிடும்.